ஆபீஸுக்குள் நுழைந்ததும் ஆன்மிகம் எங்கே போகிறது? ஒரு மெர்ச்சண்டைசரின் கேள்விக்குப் பதில்

திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குகிறவருக்கும் பட்டறைகளுக்கும் நடுவே ஆர்டரைக் கவனிப்பவராக, இருப்பவர் கேட்டிருக்கிறார்: "சில வருடங்களாக மனவளக்கலை (வேதாத்திரி மகரிஷியின் தியானப் பயிற்சி முறை) பழகுகிறேன். வீட்டில் பிளாஸ்டிக் பை கிடையாது, அசைவம் விட்டாயிற்று, மாடியில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறேன். ஆபீஸுக்குள் நுழைந்தால் இதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பேசினால் 'பொழப்பப் பாருங்க' என்கிறார்கள். ஆன்மிகமும் தனிமனித ஒழுக்கமும் வேலைக்குப் போகிறவர்களை உண்மையிலேயே சுற்றுச்சூழல் பொறுப்புள்ளவர்களாக மாற்றுமா, இல்லை சட்டமும் அபராதமும்தான் வழியா? இந்த வேலையையே விட்டுவிடலாமா?"

மாற்றும். ஆனால் தானாக மாற்றாது. ஒருவருடைய ஒழுக்கம் அவர் அன்றாடம் எடுக்கிற ஏதாவது ஒரு முடிவோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தால்தான் ஆற்றுக்கு அதனால் பயன் உண்டு. முடிச்சு இல்லாத ஒழுக்கம் வீட்டையும் மனதையும் சுத்தமாக வைத்திருக்கும், நொய்யல் ஆற்றை அப்படியே விட்டுவிடும். சாயக்கழிவுச் சுத்திகரிப்பு வேலையில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கசப்பான பகுதி. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. பேரூரில் பட்டீசுவரர் கோயிலை ஒட்டி ஓடுகிறது. அங்கே படித்துறையில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் திதி கொடுக்கிறோம், ஆடிப்பெருக்குக்குக் கும்பிடுகிறோம். அதே ஆறு திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊருக்கு அருகிலேயே காவிரியில் சேருகிறது. 1992-ல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டித் திறந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. அணை வேண்டாம் என்று பாசனக்காரர் சொல்வது லேசில் நடக்கிற காரியமா?

இது நடந்த காலத்தில் நம் ஊரில் பக்திக்கு ஒன்றும் பஞ்சமில்லை. சாயப்பட்டறைகளில் வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜை நடந்தது. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை எழுதியவர்களில், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர்களில், பட்டறை முதலாளியும் உண்டு, மேனேஜரும் உண்டு, மாஸ்டரும் உண்டு. ஆற்றின் கதையை மாற்றியது வழக்கு. நொய்யல் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் பைசா வைத்து அபராதம் கட்டச் சொன்னது. துளிக் கழிவுநீர்கூட வெளியே போகாத நிலையை எட்டக் கெடுவும் வைத்தது. அது எட்டப்படவில்லை என்றானபின் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிவிட்டது. இன்று திருப்பூரில் ஆர்.ஓ.வும் (சவ்வு வழியே தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் கருவி) ஆவியாக்கியும் ஓடுகின்றன என்றால் அந்த உத்தரவுகள்தான் காரணம். இதை மறைத்துவிட்டு ஆன்மிகத்தின் பெருமையைப் பேசினால், நிலத்தை இழந்தவர்கள் சிரிப்பார்கள்.

அப்படியென்றால் சட்டம் மட்டும்தானா? இல்லை. அதற்குமுன், பக்தி ஏன் ஆற்றை எட்டவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம்.

உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1977-ல் எழுதியதன் சாரம் இது: ஒருவரிடம் நல்ல மதிப்பீடுகள் இருப்பது மட்டும் போதாது. தன் செயலால் இன்னாருக்கு இன்ன கேடு என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைத் தடுக்கும் பொறுப்பு தன்னுடையது என்றும் அவர் நினைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் "நான் இதைச் செய்யக் கூடாது" என்ற உள்குரல் எழும். 1999-ல் பால் ஸ்டெர்னும் அவரோடு சேர்ந்தவர்களும் இதையே சுற்றுச்சூழல் விஷயத்துக்கு விரித்து எழுதினார்கள். இப்போது நம் தொழிலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணி பின்னுவது ஓரிடம், சாயம் போடுவது ஓரிடம், பிரிண்டிங் வேறிடம், தைப்பது வேறிடம். ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வெளியே கொடுக்கிற வேலை. கேடு யார் கண்ணிலும் முழுசாகப் படாது, பொறுப்பு யார் தலையிலும் முழுசாக விழாது. வெள்ளிக்கிழமை கும்பிடுகிற மேனேஜர் கெட்டவர் இல்லை. அவர் மனசாட்சிக்கு அங்கே வேலை கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் மேஜைக்கு வருவோம். உங்களுக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் உப்புக் கணக்கில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் குறைவு, நேவி, கறுப்பு மாதிரி அடர் நிறத்துக்கு அதிகம். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால், கிலோவுக்கு 480 கிராம். 200 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்குக் கிட்டத்தட்ட 100 கிராம் உப்பு. உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஒரு டன் லாட்டுக்கு (ஒரே தடவையில் சாயம் போடும் துணிக்கு) அரை டன் உப்பு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது லாட் வந்துவிட்டது. ஸ்வாட்ச், அதன் மாதிரித் துண்டு, உங்கள் மேஜையில் இருக்கிறது. நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஒப்புதல் கொடுத்த லேப் டிப்பைவிட (ஆய்வகத்தில் சாயமிட்ட மாதிரியைவிட) ஒரு சொட்டு சிவப்பு கூடுதலாகத் தெரிகிறது. நிறம் அளக்கும் மெஷின் காட்டுகிற வித்தியாசம், பையர் (ஆடை வாங்குகிறவர்) ஒத்துக்கொண்ட எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் எல்லையை ஒட்டி இருக்கிறது. எதற்கு வம்பு என்று "ரிஜெக்ட்" போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். பத்து விநாடி வேலை. அங்கே பட்டறையில் அந்த ஒரு டன் துணியிலும் காஸ்டிக், ஹைட்ரோஸ் என்ற ரசாயனங்களைப் போட்டுச் சாயத்தை உரிக்கிறார்கள், கழுவுகிறார்கள், மறுபடி சாயம் போடுகிறார்கள். இன்னொரு அரை டன் உப்பு. தண்ணீர், நீராவி எல்லாம் இன்னொரு தடவை. துணியின் உறுதியும் குறைகிறது. அந்த உப்புத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஆர்.ஓ.வில் பிரிந்து, மிஞ்சுவது ஆவியாக்கியில் காய்ச்சப்படுகிறது. அதற்கான பாய்லரில் எரிவது பெரும்பாலும் விறகு. காய்ச்சி எடுத்த உப்பில் ஒரு பகுதி மறுபடி சாயத்துக்குப் போகும். மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கப்படும். கழிவு ஆற்றுக்குப் போகவில்லை என்றால் மறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்தப் பத்து விநாடிதான் உங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு. துணிப்பை எடுத்துப்போவது நல்லது, எடுத்துப்போங்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க மிச்சம் பிடிக்கிற பிளாஸ்டிக் பைகள் அந்த ஒரு "ரிஜெக்ட்"டுக்கு ஈடாகுமா என்று யோசித்துப் பாருங்கள். தரத்தில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. எல்லைக்குள் இருக்கிற லாட்டைப் பயத்தால் திருப்பி அனுப்பாதீர்கள் என்கிறேன். சந்தேகமாக இருந்தால் பையரிடம் ஸ்வாட்ச் அனுப்பிக் கேளுங்கள். ஜி.ஓ.டி.எஸ். (இயற்கை வேளாண் நூலாடைத் தரம்) சான்றிதழ் கேட்கிற அதே பையர்தான் தேதியையும் நெருக்குகிறார் என்பது தெரியும். அவரிடமே உப்புக் கணக்கைப் போட்டுக் காட்டி, "இந்த லாட்டை ஏற்றுக்கொண்டால் இவ்வளவு மிச்சம்" என்று எழுதினால் பல பேர் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் மேலே காட்ட ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது.

சட்டம் இவ்வளவு தூரம் வராது என்பதைக் கவனியுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குழாயின் கடைசியில்தான் நிற்கிறது. லைட் பாக்ஸ் பக்கத்தில் அதற்கு நாற்காலி கிடையாது. ஒழுக்கம் தேவைப்படுகிற இடம் இதுதான்.

குழாயின் கடைசியிலும் சட்டம் முழு நேரம் விழித்திருப்பதில்லை. மழை பெய்த மறுநாள் நொய்யலில் நுரை பொங்குவதை நம் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. ராத்திரி ஷிஃப்ட், வெளியே மழை, தொட்டி நிரம்பி வழிகிற மாதிரி நிற்கிறது, கழிவைச் சுத்திகரிக்காமலே வெளியே விடுகிற பைபாஸ் வால்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கழிவுநீர் மீட்டர்கள் வாரியத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன என்றாலும், மீட்டரைச் சுற்றிப்போக வழி தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் இல்லை. அந்த நேரத்தில் ஆறு ஓர் ஆபரேட்டரின் கையில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர், நீதிமன்றத் தீர்ப்பைப் படித்திராதவர்.

அப்படி ஓர் ஆபரேட்டரோடு வேலை பார்த்திருக்கிறேன். பல நிலையங்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மணிக்கொரு தடவை எடுக்க வேண்டிய ரீடிங்கை ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதி முடித்துவிடுவார்கள். பி.எச். (அமில-கார அளவு) 7.4, 7.5, 7.4 என்று பார்க்க அழகாக இருக்கும். இவர் எழுத மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்ச புக்குங்க சார் இது" என்றார். வேறு விளக்கம் ஏதும் இல்லை. ஸ்பேனருக்கும் பம்புக்கும் வைத்த சந்தனம் அந்த லாக் புக் அட்டையிலும் காய்ந்து ஒட்டியிருந்தது. சுற்றுச்சூழல் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய ஷிஃப்ட் ரீடிங்கை நம்பித்தான் சுத்திகரிப்பு மருந்தின் அளவைத் திருத்துவோம். பூஜை எல்லோரும் போடுகிறார்கள். இவருக்கு அந்தப் பூஜை ஒரு புத்தகத்தோடும், புத்தகம் ஒரு செயலோடும் கட்டப்பட்டிருந்தது.

நம் பக்கத்துக்காரர்களுக்குக் கட்டுப்பாடு என்பது புதிய சரக்கும் அல்ல. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்று பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கூட ராத்திரியோடு ராத்திரியாக ஊர் திரும்புவார். மாலை போட்டால் ஒரு மண்டலம் சிகரெட்டையும் மதுவையும் தொடாத ஐ.டி. பையன்களை சரவணம்பட்டியில் எத்தனை பேரை வேண்டுமானாலும் காட்டலாம். மனவலிமை இருக்கிறது. அந்த விரதத்தின் பட்டியலில் ஆறு இல்லை, காடு இல்லை, அதுதான் குறை. அதே பையன் வெள்ளியங்கிரி ஏறினால், அடிவாரத்தில் வனத்துறை பையைச் சோதித்து, தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, காசு பிடித்துவைத்து, திரும்பக் கொண்டுவந்தால் காசு தர வேண்டியிருக்கிறது. ஏழு மலையையும் வெறுங்காலோடு ஏறுகிறவருக்கு ஒரு காலி பாட்டிலைக் கீழே கொண்டுவர முன்பணம்! இதில் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, வியப்புத்தான்.

மாறாக, ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோட்டைப் பாருங்கள். 1996-ல் அங்கே பறவைகள் சரணாலயம் வந்தது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் பயந்து ஓடிவிடும் என்பது ஒரு காரணம். ஊரில் யாருமே வெடிப்பதில்லை என்பது இன்னொரு காரணம், அதுதான் வலுவானதும்கூட. 2008-ல் கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் ஹோட்டல் அறைகளில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். துண்டைத் துவைக்கப் போடாமல் மறுபடி பயன்படுத்தி இயற்கையைக் காப்பாற்றுங்கள் என்ற அட்டையைவிட, இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்தார்கள் என்ற அட்டைக்கு அதிகம் பேர் இணங்கினார்கள். வெள்ளோட்டுக்காரர்களுக்கு இது ரொம்ப காலமாகவே தெரியும்.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று: ஆபீஸில் தனியாக நின்று பேசாதீர்கள். "பொழப்பப் பாருங்க" என்ற பதில் தனி ஆளுக்குத்தான் வரும். உங்கள் பிரிவில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, எல்லைக்குள் இருக்கிற லாட்டை பையரிடம் கேட்காமல் திருப்புவதில்லை என்று ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அது உங்கள் தனிப்பட்ட கிறுக்காக இராது, அந்தப் பிரிவின் வழக்கமாகிவிடும்.

மனவளக்கலைக்கு வருகிறேன். வேதாத்திரி மகரிஷி (1911–2006) நெசவுத் தொழிலில் இருந்தவர். ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் அமைந்தபின் கொங்குப் பக்கம் மில் தொழிலாளி முதல் ஆடிட்டர் வரை அவரிடம் வந்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்த அகத்தாய்வில் (தன்னைத்தானே ஆராயும் பயிற்சியில்) ஆசை சீரமைத்தல் என்று ஒரு பாடம் உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆசையை ஒழிக்கச் சொல்வதில்லை. இது தேவையா, இதன் விளைவு என்ன, எனக்கு இதற்குச் சக்தி உண்டா என்று தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வது. ஷ்வார்ட்ஸ் கேட்பதும் ஏறக்குறைய இதே விளைவுக் கேள்விதான். ஆனால் நான் பார்த்தவரை பயிற்சிக்கு வருகிறவர்கள் அந்தத் தாளில் கோபம், கடன், நகை, மருமகள் என்று எழுதுவார்களே தவிர, "போன வாரம் நான் திருப்பி அனுப்பிய லாட்" என்று எழுத மாட்டார்கள். வேலையை உலக விவகாரம் என்று தள்ளிவைத்துவிடுகிறோம். அடுத்த தடவை அதையும் எழுதிப் பாருங்கள். பாடம் அதேதான், தாளில் இடம்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நல்லது செய்த திருப்தி ஆபத்தானது. 2010-ல் நினா மசாரும் சென்-போ சோங்கும் வெளியிட்ட ஆய்வில், சோதனைக் கடையில் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களை வாங்கியவர்கள், அதற்குப் பின் வந்த வேலையில் மற்றவர்களைவிட அதிகமாக ஏமாற்றினார்கள். பின்னால் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதனால் இதை வேதமாக எடுக்க வேண்டாம். ஆனால் இந்தக் குணம் நமக்குப் பழகியதுதானே? அன்னதானத்துக்கு நூறு மூட்டை அரிசி கொடுத்த கையோடு, மரக்கன்று நட்டு போட்டோ எடுத்த கையோடு, பட்டறை விஷயத்தில் கணக்கு நேராகிவிட்டது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அன்னதானம் அன்னதானக் கணக்கில், உப்பு உப்புக் கணக்கில் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கழிக்க முடியாது.

கடவுள் நம்பிக்கை இதற்குக் கட்டாயமா என்றும் சிலர் கேட்பார்கள். இல்லை. பெரியார் பிறந்த ஊர் ஈரோடு, கும்பிடாமலே நேர்மையாக இருப்பவர்கள் இங்கே நிறைய. நான் பார்த்த ஒழுங்கான சுத்திகரிப்பு இன்ஜினியர்களில் சிலர் கோயில் பக்கமே போகாதவர்கள். "கீழே தண்ணீர் எடுக்கிறவனும் மனுசன்தானே" என்பது அவர்களுக்குப் போதும். நம்பிக்கை உள்ளவர்களுக்கோ அவரவர் மரபிலேயே பிடி இருக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவுக்கு (தொழுகைக்கு முன் கை கால் கழுவுவதற்கு) தண்ணீரை வீணாக்காதே என்று முஸ்லிம்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். விஜயமங்கலத்தில் இன்றும் கோயில் நிற்கிற சமண மரபில் தேவைக்கு மேல் சேர்க்காமை ஒரு நோன்பு.

எனக்குப் பிடித்த உதாரணம் காலிங்கராயன். 13-ம் நூற்றாண்டில் பவானிக்குப் பக்கத்தில் அணை கட்டி வாய்க்கால் வெட்டியவர். தன் நிலத்துக்காக வெட்டிக்கொண்டான் என்ற பேச்சு வந்தபோது, தானும் தன் வம்சமும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பது செவிவழிக் கதை. வாய்க்கால் இன்றும் பாய்கிறது. ஈரோட்டுப் பக்கம் சாயமும் தோல் கழிவும் கலந்துவிடாமல் இருக்க, அதற்கு இணையாக 'பேபி வாய்க்கால்' ஒன்று வெட்ட வேண்டியிருந்தது என்பது நம் காலத்துச் சேர்க்கை. ஆனாலும் அந்தக் கதையில் ஒழுக்கம் வேலைக்கு வெளியே போய் நிற்கவில்லை. வாய்க்கால் வெட்டியவரின் நேர்மை அந்த வாய்க்கால் தண்ணீரிலேயே சோதிக்கப்பட்டது.

உங்கள் வேலையில் இன்னும் இரண்டு இடம் காட்டுகிறேன். பட்டன், ஜிப், லேஸ் வாங்குகிறீர்கள். அவற்றுக்குச் சாயம் போடுகிற சின்னப் பட்டறைகளில் சில, அனுமதியே இல்லாமல் வீட்டுக்குப் பின்னால் நடப்பவை. கழிவு நேரே சாக்கடைக்குப் போகும். விலை கேட்கும்போது வாரியத்தின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். ஒரு பீஸுக்குச் சில பைசா கூடும், அதை காஸ்டிங்கில் முதலிலேயே போட்டுவிடுங்கள். அடுத்தது, ஆர்டர் பேசும்போதே டிசைனரிடம் அடர் நிறத்துக்குப் பக்கத்தில் அதன் உப்புச் செலவையும் எழுதிக் காட்டுங்கள். ஐந்து நிறத்தில் ஒன்றாவது வெளிர் நிறமாக மாறினாலும் லாபம்தான்.

வேலையை விட்டுவிடலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். என் கருத்து, வேண்டாம். அந்த நாற்காலியில் நாளைக்கு வருகிறவருக்கு உப்புக் கணக்கு தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவருக்கு அவசரம் இருக்காது. ஒரே ஒரு விதிவிலக்கு: பொய்யான டெஸ்ட் ரிப்போர்ட்டிலோ, போடாத சுத்திகரிப்பைப் போட்டதாகச் சொல்கிற கடிதத்திலோ உங்கள் கையெழுத்தைக் கேட்டால், போடாதீர்கள். மறுத்ததை அன்றைக்கே மெயிலில் எழுதி வைத்துவிட்டு வேறு வேலை தேடத் தொடங்குங்கள். திருப்பூரில் நல்ல மெர்ச்சண்டைசருக்கு வேலை கிடைக்கும்.